தட்டைக் கழுவ வைப்பது அபராதமா, அனுசரணையா?

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பேயிங் கெஸ்ட் தங்கும் வீட்டில் சுத்தம் நிலைப்பது கண்டிப்பாலா, அனுசரணையாலா?" இதுதான் தலைப்பு. அனுசரணையால்தான் என்று பேச வந்திருக்கிறேன். படித்துவிட்டு வந்து பேசவில்லை ஐயா, பட்டுவிட்டு வந்து பேசுகிறேன். வேளச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் பன்னிரண்டு வருடமாக வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் தங்குகிறார்கள். ஒரு சமயத்தில் ஆறு பேர். எல்லோரும் ஓ.எம்.ஆர். பக்கம் கம்பெனிகளில் வேலை. கீழே நானும் எங்கள் வீட்டுக்காரரும். சமையலறை பொது, ஃபிரிட்ஜ் பொது, தண்ணீர்த் தொட்டி பொது. சண்டைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்கமுடியாது.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "நோட்டீஸ் ஒட்டு, கேமரா வை, மீறினால் 100 ரூபாய் அபராதம் போடு, அட்வான்ஸில் பிடி" என்றார். அடுத்து வந்தவர் ஒருபடி மேலே போய், "விடுதிகளுக்கு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறதே" என்றார். உண்மைதான். 2014ஆம் வருடச் சட்டம். நானும் அதன்படி உரிமம் எடுத்துத்தான் நடத்துகிறேன். ஆனால் அண்ணே, அந்தச் சட்டத்தின் பிடி விடுதி நடத்துகிற என் கழுத்தில்தான் இருக்கிறது. பதிவு செய், பாதுகாப்புக் கொடு என்று என்னைத்தான் கேட்கிறது. தங்குகிற பெண் தயிர்க் கிண்ணத்தை மூடி வைத்தாளா என்று எந்தக் கலெக்டரும் வந்து பார்க்கப்போவதில்லை.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். நானும் ஒருகாலத்தில் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கவேண்டும், தாலுகா ஆபீஸ் தோற்றுப்போகும். சாப்பிட்ட தட்டை உடனே கழுவவும். குளியலறையில் முடியை எடுத்துக் குப்பையில் போடவும். மோட்டார் போட்டவர் நிறுத்தவும். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு. ஒருநாள் அருகே போய்ப் பார்க்கிறேன், தட்டு நோட்டீஸின் ஓரத்தில் யாரோ பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். மூன்றாம் தேதி அரை லிட்டர், நான்காம் தேதி இல்லை. அந்தத் தாளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பிரயோஜனம் கிடைத்தது.

அப்புறம் அபராதம் ஆரம்பித்தேன். கழுவாத தட்டுக்கு 50 ரூபாய். முதல் வாரம் சிங்க் பளபளவென்று இருந்தது. நானும் நம் கண்டிப்பு வேலை செய்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், புடவையில் காலர் இல்லை என்றாலும். இரண்டாம் வாரம் காலையில் சமையலறைக்குப் போகிறேன். சிங்க்கில் ஒரு தட்டு, ஒரு குக்கர், அடியில் ஒட்டிக் காய்ந்துபோன சாம்பார் சாதம். பக்கத்தில் டம்ளருக்கு அடியில் மடித்து வைத்த ஒரு 100 ரூபாய் நோட்டு. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "ஆன்ட்டி, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தேன். செம தூக்கம். தட்டுக்கு 50, குக்கருக்கு 50." எவ்வளவு நேர்மையான பெண் பாருங்கள்! அவள்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. கழுவாமல் விடுவதற்கு விலை வைத்ததே நான்தானே? அவள் விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

இது என் வீட்டுக் கூத்து மட்டும் என்று நினைக்காதீர்கள். இஸ்ரேலில் ஹைஃபா என்று ஒரு நகரம். 1998இல் அங்கே பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்தார்கள். சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போகப் பெற்றோர் நேரம் கழித்து வருகிறார்கள் என்று, ஆறு காப்பகங்களில் மட்டும் அபராதம் வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பத்து ஷெக்கல். என்ன ஆயிற்று? தாமதம் குறையவில்லை, போகப்போக ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை "ஐயோ, டீச்சர் காத்திருப்பாரே" என்று ஓடிவந்தவர்கள், அபராதம் வந்ததும் "அதான் காசு கொடுக்கிறோமே" என்று நிதானமாக வந்தார்கள். இதைவிட மோசம், பிறகு அபராதத்தை எடுத்தபோதும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. கூச்சம் ஒருமுறை போனது போனதுதான். அண்ணன் 100 ரூபாய் அபராதம் கேட்கிறார். அந்த நூறு ரூபாயில் அவர் விற்கப்போவது இந்தக் கூச்சத்தைத்தான்.

அடுத்து ஒரு விஷயம். மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் என்னைக் கட்சி மாற வைத்ததே அதுதான். ஒரு வருடத்தில் மூன்று தடவை மாடிக் கழிவறை அடைத்துக்கொண்டது. மூன்று தடவையும் பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தால் நாப்கின். உடனே நோட்டீஸ், மீறினால் 500 ரூபாய். நான்காவது தடவையும் அடைத்தது. அப்போதுதான் எனக்கு எப்போதோ வந்திருக்கவேண்டிய புத்தி வந்தது. மாடிக்குப் போய் அந்தக் குளியலறையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். உள்ளே குப்பைக்கூடையே இல்லை. ஒரு பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கி, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டுக்காரரைத் தாண்டி, கேட் பக்கத்துக் குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டும். எந்தப் பெண் போவாள்? நீங்கள் போவீர்களா? அன்று சாயங்காலமே மூடிபோட்ட, காலால் மிதித்துத் திறக்கிற கூடை ஒன்றும், சுற்றிப் போட ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் வாங்கி வைத்தேன். கூடை முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அதற்கப்புறம் அந்தக் குழாய் அடைக்கவில்லை. 500 ரூபாய் அபராதத்தால் நடக்காத காரியம் முந்நூறு ரூபாய்க் கூடையால் நடந்தது.

அனுசரணை என்றால் எதிரணிக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பொறுத்துப்போவது என்று நினைக்கிறார்கள். இல்லை ஐயா. அந்தப் பெண் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்ப்பது. முடி கிடக்கிறது என்று கத்துவதற்கு முன்னால், தண்ணீர் போகிற ஓட்டையில் கையால் எடுக்கக்கூடிய சல்லடை இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபிரிட்ஜில் யார் மாவு புளித்து வழிந்தது என்று விசாரணைக் கமிஷன் வைப்பதற்கு முன்னால், ஆறு பேருக்கும் ஆளுக்கொரு டப்பா இடம் ஒதுக்கியிருக்கிறோமா என்று பார்ப்பது.

எங்கள் வீட்டில் நான் கண்டது, சிங்க்கில் முதல் தட்டுதான் ஆபத்து. அது விழுந்தால் ஒரு மணி நேரத்தில் ஐந்து தட்டு சேரும். ஒன்றும் இல்லாத சிங்க்கில் முதல் தட்டைப் போட யாருக்கும் கை வராது. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில் இதையே சைக்கிள் நிறுத்தும் சந்தில் சோதித்து, 2008இல் வெளியிட்டார்கள். சைக்கிள் கைப்பிடியில் விளம்பரத் தாளைக் கட்டி வைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 100க்கு 33 பேர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 பேர் போட்டார்கள். சுவாரஸ்யம் எங்கே என்றால், சுவரில் கிறுக்காதீர்கள் என்ற பலகை இரண்டு நாளும் அங்கேதான் இருந்தது! ஆட்கள் பலகையைப் பார்த்து நடக்கவில்லை, சுவரைப் பார்த்து நடந்தார்கள். அதனால் நான் இப்போது ராத்திரி படுக்கப்போகும் முன் சிங்க்கைக் காலியாக வைத்துவிட்டுப் போகிறேன். யார் தட்டானாலும் சரி. "அப்போ நீங்களே வேலைக்காரியா?" என்று அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முதல் மாதம் நான் தினமும் கழுவினேன். இப்போது வாரத்துக்கு ஒரு தட்டு தேறினால் அதிகம்.

தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாடியில் ஷவர் பாட்டுக்கு ஓடும். திட்டிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், சின்டெக்ஸ் மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் காட்டினேன். இது ஆயிரம் லிட்டர் தொட்டி. நாம் எட்டுப் பேர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத்தின் கணக்கு, அதற்கே இந்தத் தொட்டி போதாது. ஷவரைப் பத்து நிமிடம் திறந்தால் சுமார் 100 லிட்டர் காலி. குச்சியில் ஈரம் ஒரு சாண்கூட இல்லை. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, குழாயைத் திறந்தா வருது, அதான் எனக்குத் தெரியும்" என்றாள். மறுநாள் அவளே இரண்டு பக்கெட் வாங்கிவந்து ஷவருக்கு அடியில் வைத்தாள்.

என் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் எச்சில் தட்டைப் படம் எடுத்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் "இது யாருடைய வேலை?" என்று போட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் ஒரு பெண்மேல் விழுந்தது. அவள் ஒரு வாரம் கீழே வந்து சாப்பிடவே இல்லை, வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். கடைசியில் அந்தத் தட்டு யாருடையது? எங்கள் வீட்டுக்காரருடையது! அவர் அந்தக் குழுவில் இல்லாததால் பதிலும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எதுவானாலும் தனியாகக் கூப்பிட்டு, காபியைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

"சரி, எதற்கும் மசியாத ஆளை என்ன செய்வீர்கள்?" என்று எதிரணி கடைசிப் பேச்சாளர் கேட்கப்போகிறார். நானே சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் வால்வு, ராத்திரி கேட் பூட்டு, இந்த இரண்டிலும் எனக்கு அனுசரணையே கிடையாது. அது உயிர் விஷயம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பெண்ணை மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நான்கு தடவை உட்கார்ந்து பேசியும் அடுப்பை எரியவிட்டுவிட்டு ஃபோனோடு மாடிக்குப் போய்விடுவாள். அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். இதை வைத்து எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுப்பதானால் கொடுங்கள் ஐயா, எனக்கு ஆட்சேபம் இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் வீட்டு விருந்தாளி மூன்று வருடம் இருக்கிறாள், மாதம் பிறந்தால் காசும் கொடுக்கிறாள். காசு வாங்குகிறேன் என்பதற்காக அவளை வாடிக்கையாளராக நடத்தினால், அவளும் ஹோட்டலில் விடுவதைப்போல எச்சில் தட்டை விட்டுவிட்டுப் போவாள்.

நடுவர் கை மணிக்குப் போய்விட்டது, நிறுத்திக்கொள்கிறேன். எதிரணி அண்ணனுக்கு ஒரு அழைப்பு மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளச்சேரிக்கு வாருங்கள், டிகிரி காபி போட்டுத் தருகிறேன். எங்கள் வீட்டில் எந்த நோட்டீஸும் இருக்காது, கேமரா வாசலில் மட்டும்தான். குடித்த டம்ளரை என்ன செய்கிறீர்கள் என்று மாடிப்படியில் நின்று ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.