கீபோர்டு வேலை செய்யவில்லையா? முதலில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள்

(காட்சி: மேசையில் கீபோர்டு. ஒரு விரல் கேப்ஸ் லாக்கை அழுத்துகிறது.)

வணக்கம். தட்டுகிறீர்கள், எழுத்து வரவில்லை. புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? பெரும்பாலான கீபோர்டுகளில் அந்த விளக்கு தானாக எரிவதில்லை. நீங்கள் அழுத்தியது கணினிக்குப் போய், கணினி திருப்பிச் சொன்னால்தான் எரியும். ஆக, எரிந்தால் கம்பியும் யூஎஸ்பி துளையும் சரி. கோளாறு கணினியின் செட்டிங்ஸிலோ சில விசைகளிலோ இருக்கிறது. எரியவே இல்லையென்றால் இணைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

(காட்சி: வலப்பக்க ஷிஃப்ட் விசை, மிக அருகில்.)

விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். யோசனையில் வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால், ஃபில்டர் கீஸை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும். கவனிக்காமல் என்டரைத் தட்டினால் அது இயங்கிவிடும். பிறகு சட்டென்று தட்டும் எழுத்துகளைக் கணினி கண்டுகொள்ளாது; அழுத்திப் பிடித்தால் மட்டும் வரும். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதில் கீபோர்டு என்று மவுஸால் போய் அணைத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். பிள்ளை தமிழ் வீட்டுப்பாடத்துக்குத் தமிழ் 99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையைப் போட்டிருக்கும். அடுத்து உட்காருபவர் எச் (H) விசையைத் தட்டினால் 'க' வரும். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். சில மடிக்கணினிகளில் ஓ தட்டினால் 6, ஜே தட்டினால் 1 வரும்; அது எண்களுக்கான 'நம் லாக்' (Num Lock) விசையின் வேலை. அதை அணைத்தால் போதும்.

(காட்சி: கணினிப் பெட்டியின் பின்புறம்.)

விளக்கு எரியவில்லையா? பல துளைகள் கொண்ட யூஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு, கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். அங்கும் இல்லையென்றால் வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கீபோர்டு குற்றவாளி அல்ல. உங்கள் கணினிக்கே திரும்பி, மாட்டிய கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் 'கீபோர்ட்ஸ்' பகுதியைத் திறந்து, அதிலுள்ள கீபோர்டை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். கீபோர்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

கம்பியில்லாத கீபோர்டென்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு அதன் சின்ன ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 துளையிலும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்கிலும் எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும். எழுத்துகள் விட்டுவிட்டு வருவதற்கு அது ஒரு காரணம். ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரை மாட்டி, கீபோர்டின் பக்கத்தில் வையுங்கள்.

(காட்சி: கீபோர்டின் மேல் கெட்டிப்பால் தேநீரான தே தாரேக் கொட்டுகிறது.)

இனி, பலரும் அவசரத்தில் கெடுத்துக்கொள்ளும் இடம். தே தாரேக் கொட்டிவிட்டால் உடனே கம்பியைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் காய்ந்துவிடும், கெட்டிப்பாலின் சர்க்கரை காயாது, பசையாக நிற்கும்.

சாதாரண கீபோர்டைத் திறந்தால் உள்ளே ரப்பர் குமிழ்களும், அவற்றுக்குக் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடங்கள் அச்சாகியிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒரு துளை. விசையை அழுத்தும்போது அந்தத் துளை வழியாக இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும். தாள்களுக்கிடையே சர்க்கரை புகுந்தால் தொடாது, அல்லது தொட்டபடியே ஒட்டிக்கொள்ளும்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். கடைசித் திருகு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம், நெம்பாதீர்கள். பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தாள்களை ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தடமே உரிந்து வந்துவிடும். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரம் காயாது. குளிர்சாதன அறையில் விசிறிக்கு முன்னால் 48 மணி நேரம் வையுங்கள். முடி உலர்த்தியின் சூடு பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

மடிக்கணினியில் கொட்டினால் கதையே வேறு. மின்கம்பியை எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி அணைத்து, கவிழ்த்து வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கீபோர்டுக்கு அடியிலேயே கணினியின் முக்கியச் சுற்றுப்பலகையான மதர்போர்டு இருக்கிறது.

(காட்சி: விசைகள் வரிசையாகச் சிவப்பாகின்றன.)

ஒரே ஒரு விசை மட்டும் செத்துப்போனால் அடியில் அழுக்கு இருக்கலாம். சில விசைகள் கூட்டமாகச் செத்துப்போனால் தடம் அறுந்திருக்கும்: பல விசைகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அறுந்த தாளை ஒட்டவைக்க மெனக்கெடுவதைவிட, 20 வெள்ளிக்குள் ஒரு புதிய யூஎஸ்பி கீபோர்டு வாங்குவதே மேல்.

அது வரும்வரை வேலை நிற்க வேண்டாம். விண்டோஸில் உள்நுழையும் திரையின் வலது கீழ் மூலையில் அக்செசிபிலிட்டி படம் இருக்கும். அதை அழுத்தி, வரும் பட்டியலில் 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே கீபோர்டு வரும். கடவுச்சொல்லை மவுஸாலேயே தட்டிவிடலாம்.