மாட்டுக்கு இறையியல் தெரியாது

வணக்கம் நேயர்களே. கிறிஸ்தவ இறையியலும் சுற்றுச்சூழலும் என்று பேச வந்தால் 1967-ஐத் தொடாமல் போக முடியாது. லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்த வருடம் 'சயின்ஸ்' இதழில், இயற்கை இருப்பதே மனிதனுக்காகத்தான் என்ற மேற்கத்திய கிறிஸ்தவ நினைப்புதான் இன்றைய சீரழிவுக்கு வேர் என்று போட்டு உடைத்தார். அவரும் சபையைச் சேர்ந்தவர்தான், அதனால் அடி பலமாகவே விழுந்தது. 2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல் வரை அதற்கு எத்தனையோ பதில்கள் வந்துவிட்டன.

எனக்கென்னவோ, ஏட்டில் இல்லாத ஒரு பதில் எத்தியோப்பியாவில் இருப்பதாகப் படுகிறது. வடக்கு மேட்டுநிலத்தில், கோந்தர் பக்கம் வானிலிருந்து எடுத்த படங்களைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் உழுத வயலும் மேய்ச்சல் தரையும், நடுவில் அங்கங்கே வட்டமாகப் பச்சைத் திட்டுகள், ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒரு தேவாலயம். ஆர்த்தடாக்ஸ் சபை மக்களுக்கு அந்தக் காடு ஏதேன் தோட்டத்தின் சாயல், ஆலயம் உடுத்தியிருக்கும் ஆடை. சுற்றுவட்டாரக் காடெல்லாம் விறகுக்கும் விவசாயத்துக்கும் போன பிறகும் காட்டு ஒலிவமும் ஜூனிபரும் அங்கே நிற்கின்றன. நம்ம ஊர் கோயில்காடு ஞாபகம் வருகிறதா? சரிதான், ஏறக்குறைய அதே கதைதான்.

ஆனால் மாட்டுக்கு இறையியல் தெரியாதே. உள்ளே புகுந்து மரக்கன்றுகளை மேய்ந்துவிடும், கிழட்டு மரங்கள் மட்டும் மிஞ்சும். அந்த நாட்டுச் சூழலியலாளர் அலெமயேஹு வாசீயும் அமெரிக்காவின் மார்கரெட் லோமனும் குருமாரோடு உட்கார்ந்து பேசினார்கள். வயலில் கிடந்த கற்களைப் பொறுக்கிக் காட்டைச் சுற்றி ஊர்க்காரர்களே சுவர் எழுப்பினார்கள். கல் போனதில் உழவுக்கும் லாபம். பல மாநாட்டுத் தீர்மானங்களைவிட இந்தச் சுவரை நான் பெரிதாக மதிப்பேன்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்கிறது பைபிளின் 24-ஆம் சங்கீதம். அப்படியென்றால் சுவருக்கு இந்தப்பக்கம் புனிதம், அந்தப்பக்கம் வெறும் நிலம் என்று எப்படிப் பிரிப்பது? உள்ளேயும் நிலைமை சுத்தமாக இல்லை. சில ஆலயங்கள் வருமானத்துக்காக அந்தக் காட்டுக்குள்ளேயே யூகலிப்டஸ் நடுகின்றன. சீக்கிரம் வளரும், நல்ல விலை போகும், ஆலயத்துக்கும் செலவு இருக்கிறது, அதனால் சட்டென்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏதேனின் சாயல் என்று சொல்லும் இடத்தில் யூகலிப்டஸ் வரிசைக்கு என்ன வேலை என்பதற்கு அந்தக் குருமார்தான் பதில் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து நாம் எழுதித் தர முடியாது.