சிராஜ் அக்கரையில் இருக்கிறார்

வணக்கம் நேயர்களே. பிளாசிப் போர், 1757 என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் தோற்ற நவாப் சிராஜ் உத் தௌலாவின் தலைநகரம்தான் முர்ஷிதாபாத். இன்று மேற்கு வங்கத்தில் அந்தப் பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. கல்கத்தாவில், சியால்தாவிலிருந்து லால்கோலா போகிற ரயில் பிடித்தால் ஐந்து மணி நேரம் போல ஆகும்.

ஸ்டேஷனில் இறங்கியதும் டோட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். டோட்டோ என்றால் பேட்டரி ரிக்‌ஷாதான். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர்களே சொல்லிவிடுவார்கள், "ஹஜார்துவாரி!" ஆயிரம் வாசல் அரண்மனை. அதில் நூறு பொய்க் கதவு, சுவரில் கதவு மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். நான் ஒரு தடவை சரியாக வெள்ளிக்கிழமை போய் நின்றவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த அரண்மனை முன்னால் ஒரு அப்பா தன் பையனிடம், "இங்கேதான்டா சிராஜ் உட்கார்ந்து தர்பார் நடத்தினார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்க்குரல் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், இதைக் கட்டி முடித்தது 1837. சிராஜ் செத்து எண்பது வருஷம் கழித்து" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, பையன் மட்டும் சிரித்தான். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன், இதோ உங்களிடமும்: ஹஜார்துவாரி சிராஜின் வீடு இல்லை. அவருடைய ஹீராஜீல் மாளிகை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதையும் பாகீரதி தின்றுவிட்டது.

ஆனால் சிராஜ் இருக்கிறார், அதே அக்கரையில், குஷ்பாக் தோட்டத்தில். படகில் போக வேண்டும். மோட்டார் சைக்கிள், சாக்குமூட்டை, ஒரு ஆடு எல்லாம் நம்மோடு ஏறும். போய்ப் பார்த்தால் மதில் சூழ்ந்த ஒரு தோட்டம், உள்ளே தட்டைக்கூரைக் கட்டடம், தாத்தா அலிவர்தி கானுக்குப் பக்கத்தில் பேரனின் கல்லறை. தரையோடு தரையாக, அவ்வளவுதான். கணவன் போன பிறகு இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவர் மனைவி லுத்ஃபுன்னிசா, அவரும் அங்கேயே அடக்கம். நான் போன அன்று கல்லின் மேல் நாலு செவ்வந்திப் பூ, பாதி வாடியிருந்தது. அரண்மனையில் இருந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை!

இக்கரைக்குத் திரும்பினால் ஜாஃபர்கஞ்ச். பிளாசியில் சிராஜுக்குத் துரோகம் செய்த அவருடைய தளபதி மீர் ஜாஃபர், அவர் வீட்டு வாசலுக்கு ஊர் வைத்த பெயர் நமக் ஹராம் தேவ்டி. நமக் என்றால் உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே, நினைக்காதவன் வாசல் அது. இருநூற்று அறுபது வருஷம் தாண்டியும் பெயர் மாறவில்லை, பாருங்கள்.

அப்புறம் காத்ரா மசூதி. நகரத்துக்குத் தன் பெயரைத் தந்த முர்ஷித் குலி கான், வருகிறவர்கள் காலடி தன்மேல் படட்டும் என்று படிக்கட்டுக்குக் கீழே... கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பாராநகர் சுடுமண் கோயில்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசலாம் என்று வந்தேன், போச்சு. அஜீம்கஞ்ச் பக்கம், மறந்துவிடாதீர்கள். பெர்ஹாம்பூரில் சானாபோரா என்று ஒரு இனிப்பு, அதையும். வணக்கம்.