லேப் இருக்கா மேடம்?

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தில் கல்லூரி மறுபடி திறந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, எந்தத் திறப்பு என்று கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடினார்கள். டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்குத் திறந்தார்கள். 2021 பிப்ரவரி 8 அன்று எல்லோருக்கும் திறந்து, மார்ச் முடிவதற்குள் மறுபடி மூடினார்கள். இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு செப்டம்பர் 1 அன்று திறப்பு. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி பூட்டு, பிப்ரவரி 1 அன்று மறுபடி திறப்பு. எங்கள் வாட்ச்மேன் அண்ணன், சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுவதையே விட்டுவிட்டார்.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். எனக்கு மறக்காதது அந்தச் செப்டம்பர் திறப்புதான். முதல் நாள் காலை ஒரு பையன் வந்து, "மேடம், கெமிஸ்ட்ரி லேப் எங்க இருக்கு?" என்றான். புதுப் பையன் போல என்று நினைத்து எந்த குரூப் என்று கேட்டேன். இரண்டாம் ஆண்டு வேதியியல், என் மாணவன்! ஓராண்டாக அவன் பெயரைத் தினமும் செல்போனில் பார்த்திருக்கிறேன். முதலாண்டில் கல்லூரிக்கு அவன் வந்தது பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடிய அந்த ஆறு வாரம்தான். அப்போது லேபை இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு ஒதுக்கியிருந்தோம்.

அந்த ஓராண்டும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. 2021 தொடக்கத்தில் அரசு, 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா தருவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதைப் போட ஒரு போன் வேண்டுமே. பல வீடுகளில் இருந்தது ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு கண்டுபிடிக்கும் சோதனை. அதை நானே செய்து, மகனை விட்டு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊதா நிறப் பர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழும். விழுந்த நிறம் மறைந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். அதுதான் எண்ட் பாயிண்ட், நிறுத்த வேண்டிய இடம். கீறல் விழுந்த போனில், இழுத்து இழுத்து ஓடும் வீடியோவில், அந்த நிறம் வெறும் தண்ணீராகத்தான் தெரிந்திருக்கும். அப்சர்வேஷன் நோட்டில் மட்டும் எல்லோருக்கும் ஒரே ரீடிங் வந்திருந்தது. நான் வீடியோவில் வாய்விட்டுச் சொன்ன அதே ரீடிங்.

சரி, திறந்தாகிவிட்டது, லேபுக்குப் போனோம். அங்கே யாரும் யோசிக்காத ஒரு சிக்கல். எங்கள் ஊர்ப் பக்கம் பிப்பெட்டை, அதாவது கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயை, வாயால் உறிஞ்சித்தான் நிரப்புவோம். நானும் அப்படித்தான் படித்தேன். கூடாது என்று பாடத்தில் சொல்லிவிட்டு லேபில் அதையே செய்துகொண்டிருந்தோம். இப்போது வாயில் மாஸ்க். அதைக் கழற்றி, நேற்று இன்னொருவன் வாய் வைத்த கண்ணாடிக் குழாயில் வாய் வைக்க எப்படிச் சொல்வது? வாய்க்குப் பதிலாகக் குழாயில் மாட்டி உறிஞ்சும் ரப்பர் பல்ப் ஒரு டஜன் வாங்கினோம். பல வருஷமாக வாங்கியிருக்க வேண்டிய பொருள், கொரோனா வந்துதான் வாங்க வைத்தது. அதைப் பிடிக்கத் தெரியாமல் முதல் வாரம் பாதிக் கரைசல் பல்புக்குள் ஏறியது. பிள்ளைகளைவிட எனக்குத்தான் அதிகம் ஏறியது.

வகுப்பில் பெஞ்சுக்கு ஒருவர். ஒற்றைப்படை ரோல் நம்பர் ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள். வாசலில் தெர்மல் ஸ்கேனர், சானிடைசர் எல்லாம் உண்டு. சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் ஒரே டப்பா புளிசாதத்தில் ஆறு கை. முந்தைய டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதிகளில் நூறு பேருக்கு மேல் தொற்று வந்தபோது, மெஸ்ஸில் கூட்டமாகச் சாப்பிட்டதுதான் காரணமாகப் பேசப்பட்டது. அது எனக்கு நினைவில் இருந்தது. போய்த் திட்டினேன். கலைந்தார்கள், நான் திரும்பியதும் கூடினார்கள். ஒன்றரை வருஷம் கழித்துச் சேர்ந்து சாப்பிடுகிறவர்களை எத்தனை தடவைதான் விரட்டுவது?

நவம்பரில் மதுரையில் மாணவர்கள், வகுப்பு ஆன்லைனில் நடந்தது, தேர்வையும் ஆன்லைனில் வை என்று போராடினார்கள். படிக்காமல் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பேசினோம். நானும் பேசினேன். அப்புறம் என் வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் ஆனதுமே பலர் பேனாவை வைத்துவிட்டு விரலை உதறிக்கொண்டிருந்தார்கள். விடை தெரியாமல் இல்லை, எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதன் பிறகு ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வருகைப் பதிவேடுதான். ஆன்லைனில் ஒருவர் வராவிட்டால் நெட் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். நேரில் பெயரை வாசித்தால், பதில் வராத இடம் காதில் விழுகிறது. நாற்பத்தெட்டுப் பேரில் ஐந்து பெயருக்குப் பதில் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒருவன் அண்ணனோடு லாரியில் போகிறான். ஒருவனைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அப்பா இரண்டாம் அலையில் இறந்துவிட்டார். மூன்று தடவை போன் செய்தேன். "வர்றேன் மேடம்" என்பான், வரமாட்டான். பெயரை அடிக்காமல் வைத்திருந்தேன்.

2022 பிப்ரவரியில் திறந்த இரண்டாம் நாள் அவன் வந்தான். ஆள் இளைத்திருந்தான். வகுப்புக்கு வரவில்லை, நேராக லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "இன்னிக்கு லேப் இருக்கா மேடம்?" என்றான். அன்று அட்டவணையில் லேப் கிடையாது. சாவி வாங்கிவரச் சொல்லி அவனையே வாட்ச்மேனிடம் அனுப்பினேன்.