கேபசிடபின் மாத்திரை: எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது

நேயர்களுக்கு வணக்கம்.

பெருங்குடல், மலக்குடல், இரைப்பை, உணவுக்குழாய், பித்தப்பாதை போன்ற இடங்களில் புற்றுநோய் வந்து, அது மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நிலையில், பலருக்கு மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரை கேபசிடபின். கடையில் இது வேறு வேறு கம்பெனிப் பெயரில் கிடைக்கும். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். போன மாதம் ஒரு பெயரிலும் இந்த மாதம் இன்னொரு பெயரிலும் கொடுத்திருப்பார்கள். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது.

கையில் ஊசி ஏற்றாமல் அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், இது லேசான மருந்து என்ற எண்ணம் பல குடும்பங்களில் இருக்கிறது. அந்த எண்ணம் ஆபத்தானது. வயிற்றுக்குள் போன கேபசிடபின், கல்லீரலிலும் கட்டியிலும் படிப்படியாக மாறி, கடைசியில் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாகிறது. பல பத்தாண்டுகளாக நரம்பு வழியாக ஏற்றி வருகிற கீமோ மருந்து அதுதான். மருத்துவமனையில் ஏற்றினால் செவிலியர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார். மாத்திரை என்றால் அந்தக் காவல் வேலை வீட்டில் இருப்பவர்களிடம் வந்துவிடுகிறது.

முதலில் அளவு. உயரத்தையும் எடையையும் வைத்து உடலின் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிடுவார்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வேளைக்கு 1000 மி.கி. என்பது வழக்கமான தொடக்கம். உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால் ஒரு வேளைக்கு 1500 மி.கி.; அதாவது 500 மி.கி. மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. 150 மி.கி. மாத்திரையும் உண்டு. சிலருக்கு இரண்டையும் கலந்து எழுதியிருப்பார்கள், அட்டையை மாற்றி எடுத்துவிடாமல் பாருங்கள். இப்படி 14 நாள் போட்டு, 7 நாள் ஓய்வு. 21 நாளில் ஒரு சுற்று முடிகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு என்றால் 14 நாளுக்கு 84 மாத்திரை வேண்டும். அட்டையோ பெரும்பாலும் பத்துப் பத்தாக வரும். ஒன்பது அட்டை வாங்கினால் ஆறு மாத்திரை மிஞ்சும். "மிச்சம் இருக்கிறதே, வீணாக்க வேண்டாம்" என்று 15-ஆம் நாளும் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏழு நாள் ஓய்வில்தான் எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்தோலும் தேறி வருகின்றன. ஆகவே மருந்து வாங்கிய அன்றே காலண்டரில் கடைசி வேளை எது என்று வட்டம் போட்டு வையுங்கள். ஊசி போட்ட அன்று இரவில் முதல் வேளை தொடங்கினால், கடைசி வேளை 15-ஆம் நாள் காலையில் வரும். மொத்தம் 28 வேளை, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்து அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காலை எட்டு மணிக்கு என்றால் இரவு எட்டு மணிக்கு. சுமார் 12 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். பசி இல்லாதவர்களுக்கு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் தயிர்ச்சாதமோ போதும். வெறும் காபியைக் குடித்துவிட்டுப் போடாதீர்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். உணவுக்குழாய் அடைத்துக்கொண்டு விழுங்க முடியவில்லை என்றால், அல்லது குழாய் வழியாக உணவு போகிறது என்றால், வீட்டில் உரலில் இடித்துக் கரைத்துக் கொடுக்கிற வேலையே கூடாது. தூள் பறந்து கொடுப்பவரின் மூச்சில் போகும், அளவும் தப்பும். மருத்துவரிடம் சொன்னால், 5-ஃப்ளூரோயுராசிலையே நரம்பு வழியாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றுவது பற்றி முடிவெடுப்பார். ஒரு வேளை மறந்துபோனால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு வழக்கமான அளவுதான். போட்டவுடன் வாந்தி எடுத்துவிட்டாலும் மறுபடி போட வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த உரையின் முக்கியப் பகுதி. கேபசிடபினில் பெரிய கேடு வருவது ஒரு வேளை தவறுவதால் அல்ல, நிறுத்த வேண்டிய அன்று நிறுத்தாததால். "மாத்திரையை விட்டால் நோய் ஏறிவிடும்" என்ற பயத்தில், பேதியோடும் வாய்ப்புண்ணோடும் பல்லைக் கடித்துக்கொண்டு 14 நாளையும் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதில் வீரம் எதுவும் இல்லை. பரவிய நிலையில் சிகிச்சையின் நோக்கமே, ஆயுளை நீட்டுவதோடு அந்த நாட்களை நல்லபடியாக வாழவைப்பதும்தான்.

குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. இன்று விழுங்கிய மாத்திரை அந்தப் புது செல்கள் உருவாவதைத் தடுக்கும். அதன் விளைவு சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இன்று பேதி என்றால், காரணம் சென்ற சில நாட்களின் மாத்திரைகள். இன்று போடுவதன் விளைவு இனிமேல் வந்து அதன்மேல் சேரும். அதனால்தான் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்கிறோம்.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஒருமுறை போகிறவர் ஐந்து முறை போனால், அதாவது வழக்கத்தைவிட நான்கு முறை அல்லது அதற்கு மேல் கூடினால், அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவமனைக்குப் பேசுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டி வந்தாலும் அப்படியே. மலம் சேர வயிற்றில் பை வைத்திருப்பவர்கள், பையை எத்தனை முறை காலி செய்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, வலிக்கிற வாய்ப்புண், கை கால் எரிந்து வேலை தடைபடுவது, இவை எதிலும் இதே விதிதான். நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த மருந்து இதய ரத்தக்குழாயைச் சுருங்கவைக்கக்கூடும், முன்பு இதய நோய் இல்லாதவருக்கும் வரலாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் வரும் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும், இரவு என்று பார்க்காமல் போக வேண்டும்.

பேதியை அலட்சியப்படுத்தினால் இன்னொரு சுழலும் உண்டு. உடலில் நீர் வற்றும், சிறுநீரகம் தளரும், மருந்தின் கழிவுகள் வெளியேறாமல் தேங்கும், பேதி இன்னும் கூடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதன்மேல் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள், சிறிய பாக்கெட்டும் பெரியதும் வேறு வேறு. பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையை எப்போது, எத்தனை போடுவது என்பதை முதல் நாளே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்திய பிறகு, சரியானதும் மருத்துவர் பழைய அளவிலோ குறைத்தோ மறுபடி தொடங்குவார். விட்டுப்போன வேளைகளைப் பிறகு சேர்த்துப் போட வேண்டியதில்லை. அளவைக் குறைத்தார்கள் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை.

கை கால் எரிச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையும் பாதமும் முதலில் கூசும், மரத்த மாதிரி இருக்கும், பிறகு சிவந்து வலிக்கும், தோல் உரியும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, கறுத்துப்போவதுதான் தெரியும். ஆகவே நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள், வலியைக் கவனியுங்கள். எரிச்சல் தணியும் என்று மருதாணி வைத்தால், தோலின் நிறமாற்றத்தை மருத்துவர் பார்க்கவே முடியாமல் போகும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடிப்பது, துணியை அடித்துத் துவைப்பது, வெயிலில் வெறுங்காலோடு நடப்பது, இறுக்கமான செருப்பு, இவையெல்லாம் அதைத் தூண்டும். 10 சதவீத யூரியா கிரீமைத் தொடக்கத்திலிருந்தே தடவி வரலாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தின் 1 சதவீத ஜெல்லைக் கைகளில் தினம் இருமுறை தடவியவர்களில், இந்தத் தொல்லை மிதமாகவோ கடுமையாகவோ வந்தது 3.8 சதவீதம் பேருக்கு. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு. மலிவான, எங்கும் கிடைக்கிற பொருள். உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். குளிர்ந்த நீரைத் தொட்டால் ஷாக் அடிப்பது போல் இருந்தால் அது ஆக்சாலிபிளாட்டின் ஊசியின் வேலை, இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். விரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியில் பதியாமல் போவதும் உண்டு. பயப்பட வேண்டாம், ஆதார் சரிபார்ப்புக்குக் கருவிழிப் பதிவும் இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது என்று கடையில் சத்து மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது இந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும். இரும்புச்சத்து மாத்திரையிலும் அது சேர்ந்தே வருவதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போன்றவை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறிவிடும். யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் இந்த மருந்தின் பலனைக் குறைக்கும்.

சிலருக்குப் பிறப்பிலேயே டி.பி.டி. என்ற நொதி குறைவு. 5-ஃப்ளூரோயுராசிலைச் சிதைப்பது பெரும்பாலும் அந்த நொதிதான். அது இல்லாதவருக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகும். தொடங்கும் முன் இதற்கான பரிசோதனை செய்ய ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. நீங்களும் கேளுங்கள். பரிசோதனை செய்யாதவருக்கு முதல் சுற்றின் முதல் வாரத்திலேயே கடும் பேதியும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால், ஒரு வேளைகூட மேற்கொண்டு போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடுத்துக் கொடுப்பவர் கையுறை போடுங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

கேபசிடபினுக்குச் சொன்ன விதி எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிபை வெறும் வயிற்றில் போட வேண்டும். பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கான ரெகோராஃபெனிபை, கொழுப்பு குறைந்த உணவுக்குப் பின் ஒரே வேளையாக, 21 நாள் போட்டு 7 நாள் ஓய்வு. பக்கத்து வீட்டுக்காரர் போடும் முறையைப் பார்த்துப் போடாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போன் செய்யும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மி.கி., இன்று சுற்றின் எத்தனையாவது நாள், கடைசியாகப் போட்ட நேரம், நேற்றிலிருந்து எத்தனை முறை பேதி, காய்ச்சல் எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. பகலுக்கு ஒரு எண்ணும் இரவுக்கு ஒரு எண்ணும் வாங்கி, மருந்து அட்டை இருக்கிற டப்பாவின் மூடியிலேயே ஒட்டி வையுங்கள்.

வணக்கம்.