பிரிட்டனுக்கு ஓட்டுப் போட ஆளில்லாமல் போனது எப்போது?

[திரையில்: ஐ.நா. பொதுச்சபையின் ஓட்டுப் பலகை]

2017 ஜூன் 22. 'ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம்' என்று பிரிட்டன் மக்கள் முடிவு செய்து ஒரு வருஷம் ஆக ஒரு நாள்தான் பாக்கி. நியூயார்க்கில் ஒரு தீர்மானம். மொரீஷியஸிடமிருந்து பிரிட்டன் பிரித்து வைத்துக்கொண்ட, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளின் வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாமா? கூடவே கூடாது என்றது பிரிட்டன்.

ஆதரவு 94. எதிர்ப்பு 15. நடுநிலை 65. அந்த 65-க்குள் யார் யார் என்று பாருங்கள்: பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின்.

இத்தனைக்கும் பிரிட்டன் அப்போது ஒன்றியத்தை விட்டுப் போகவே இல்லை. போனது 2020 ஜனவரி 31-ல்தான். தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொன்னதுமே பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாமே பிரெக்ஸிட்டால், அதாவது ஒன்றியத்தை விட்டு விலகும் முடிவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். காலனி விவகாரம் என்றால் ஆப்பிரிக்க நாடுகள் எப்போதும் ஒரே கட்டாக நிற்கும். ஆனால் ஐரோப்பா ஒதுங்கியதுதான் லண்டனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அதே வருஷம் நவம்பரில் அடுத்த அடி. சர்வதேச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் பிரிட்டனின் கிறிஸ்டோபர் கிரீன்வுட்டும் மோதினார்கள். பாதுகாப்பு கவுன்சில் பிரிட்டன் பக்கம், பொதுச்சபை இந்தியா பக்கம். கடைசியில் பிரிட்டன் ஒதுங்கிக்கொள்ள, பண்டாரிக்குப் பொதுச்சபையில் 183 ஓட்டு. 1946-க்குப் பிறகு அந்த நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

[திரையில்: விமானந்தாங்கிக் கப்பல், வங்காள விரிகுடா]

சரி, வெளியே வந்த பிறகு என்ன செய்தார்கள்? 'குளோபல் பிரிட்டன்' என்று பெயர் வைத்து ஆசியப் பக்கம் திரும்பினார்கள். 2021-ல் 'குயின் எலிசபெத்' கப்பல் இந்தியக் கடற்படையோடு பயிற்சி செய்தது. ஆஸ்திரேலியா, அமெரிக்காவோடு சேர்ந்து 'ஆக்கஸ்' என்ற பாதுகாப்புக் கூட்டணி வந்தது. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலும் சேர்ந்தார்கள். அதனால் நீண்ட காலத்தில் பொருளாதாரம் 0.08% வளரும் என்று அரசே கணக்குப் போட்டது. அவ்வளவுதான்!

சாகோஸ் என்ன ஆனது? 2019-ல் மறுபடி ஓட்டெடுப்பு, இந்தத் தடவை பிரிட்டன் அந்தத் தீவுகளை விட்டு வெளியேற வேண்டும் என்று. பிரிட்டனையும் சேர்த்து எதிர்த்தவை ஆறே நாடுகள். 2021-ல் கனடாவுக்குக் கிளம்பிய ஈழத் தமிழர்களின் படகு வந்து சேர்ந்ததும், அவர்கள் மூன்று வருஷம் முடங்கிக் கிடந்ததும் இந்தத் தீவுக்கூட்டத்தில் ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவில்தான். 2025 மே 22-ல் தீவுகளை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுத்து, டியேகோ கார்சியாவை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம் முடிந்திருந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு பக்கத்து வீட்டு உறவு தேவைப்பட்டது. அதே மேஜையில் இன்னொன்றும் முடிவானது: ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் 2038 வரை மீன் பிடிக்கலாம். 'எங்கள் கடல், எங்கள் மீன்' என்று 2016-ல் தேம்ஸ் நதியில் படகு விட்டுப் பிரசாரம் செய்தார்களே, அதே மீன்தான்.