மலையேறப் பேருந்தும் ரயிலும் போதும்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். "குடும்பத்தோடு மலையூர்களுக்குச் செல்லச் சிறந்தது சொந்த வாகனமா, பொதுப் போக்குவரத்தா?" என்ற இத்தலைப்பில் எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். சொந்த வாகனம் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்றார். முதியவர்களும் குழந்தைகளும் பேருந்தில் அவதிப்படுவார்கள் என்றார். மலை ரயிலில் இடமே கிடைக்காது என்றார். பொதுவாகப் பேசாமல் நீலகிரியை மட்டும் எடுத்துக்கொண்டு இம்மூன்றுக்கும் விடை கூறுகிறேன்.

நினைத்த இடத்தில் நிறுத்தும் உரிமையை முதலில் பார்ப்போம். கல்லாறிலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும் சாலை யானைகள் கடக்கும் காட்டுப்பாதை. அங்கே வண்டியை நிறுத்தி இறங்குவது நமக்கும் ஆபத்து, யானைக்கும் இடைஞ்சல். கோடை விழாக் காலத்தில் குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவும் ஒருவழிப் பாதை நடைமுறைக்கு வந்துவிடுகிறது. 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அதற்கு அடுத்த ஆண்டு கோடைக்கு, வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் மட்டுமே நீலகிரிக்குள் வரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. அரசுப் பேருந்தையும் ரயிலையும் அந்த வரம்பு கட்டுப்படுத்தவில்லை. மலை தாங்கும் அளவு இவ்வளவுதான் என்று நீதிமன்றமே சொல்ல நேர்ந்த பிறகும் நான்கு பேருக்கு ஒரு கார் என்று ஏறுவதைச் சுதந்திரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நடுவர் அவர்களே, இந்த வழக்கில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அந்த ஒருவரின் நிலை. அவர் பெரும்பாலும் வீட்டுக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். பின்னிருக்கையில் பிள்ளைகள் பள்ளத்தாக்கைக் காட்டிக் கூவும்போது அவர் எதிரே வரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு மட்டும்தான். இறங்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்க, பிரேக் சூடேறி பிடிப்பை இழப்பதால் நேரும் விபத்துகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். அதே சாலையில் நாள்தோறும் ஏறி இறங்கும் அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு எந்த வளைவில் எந்த கியர் என்பது கைப்பழக்கம். அவரிடம் சாலையை ஒப்படைத்தால், குடும்பத்தில் ஒருவரும் விடுபடாமல் எல்லோரும் மலையைப் பார்க்கலாம். ஒருவரை வேலைக்கு அமர்த்திவிட்டு மற்றவர்கள் மட்டும் சுற்றிப் பார்ப்பதைக் குடும்பச் சுற்றுலா என்று நான் சொல்ல மாட்டேன்.

பொதுப் போக்குவரத்துக்குத் திட்டம் வேண்டும் என்பது உண்மை. சென்னைக் குடும்பம் ஒன்று இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலை 6 மணியளவில் மேட்டுப்பாளையம்; 7 மணியை ஒட்டி அங்கிருந்தே மலை ரயில் புறப்படுகிறது. தங்குமிடத்தை எல்லோரும் ஊட்டியில் தேடுகிறார்கள். நான் குன்னூரைச் சொல்வேன். குளிர் சற்றுக் குறைவு, ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒன்றுக்கொன்று அருகில், ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் அங்கிருந்தே பேருந்து. பெட்டி படுக்கையை ஓர் அறையில் வைத்துவிட்டு ஒரு நாள் சிம்ஸ் பூங்கா, ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் கோத்தகிரி என்று கைவீசிப் போய் மாலைக்குள் திரும்பலாம். டால்பின் நோஸ் காட்சிமுனை போன்ற இடங்களுக்குப் பேருந்துகள் குறைவுதான். அந்த அரை நாளுக்கு உள்ளூர் ஆட்டோவைப் பேசிக்கொண்டால், அந்தப் பணம் மலையில் வாழும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

முதியவர்களைப் பற்றி எதிரணியினர் கொண்ட கவலையை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது என் கவலையும்கூட. பேருந்து புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் பாட்டிக்கு இருக்கை உறுதி. வாந்தி வரும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, காலையில் வயிறு நிறையக் கொடுக்காமல் இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். ரயிலிலோ அந்தத் தொல்லையே மிகக் குறைவு. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போடப்பட்ட அந்தப் பாதை, 12 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்திலும் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்வி நிதானமாக ஏறுகிறது. கொண்டை ஊசித் திருப்பங்கள் அதில் இல்லை. குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் இருப்பவர்களுக்குப் பாதை மறைவின்றித் தெரியும். வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் தாத்தா இறங்கிக் காலை நீட்டி நடக்கலாம். மொத்தம் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகிறது என்பதைக் குறையாகச் சொன்னார்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பாதையில் பேரனோடு தாத்தா அமர்ந்திருக்கும் ஐந்து மணி நேரத்தை, எங்கள் அணி பயணத்தின் செலவில் எழுதாது, வரவில்தான் எழுதும்.

இடம் கிடைக்காது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டியில் கோடை இருக்கைகள் முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. ஆனால் மலை ரயில் என்பது அந்த ஒரு வண்டி மட்டும் அல்லவே. குன்னூர் வரை பேருந்தில் ஏறிவிட்டு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாளில் பல முறை ஓடும் ரயிலில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையம் நிலையமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து புறப்பட்டு மாலைக்குள் மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டியில் இடம் கிடைத்தால், அன்றிரவே சென்னை ரயிலைப் பிடிக்கவும் நேரம் இருக்கிறது. ஏறும்போது கிடைக்காத இருக்கையை இறங்கும்போது தேடிப் பார்க்கவில்லை என்பதற்காக மலை ரயிலையே தள்ளிவைத்த எதிரணியின் வாதத்தை நடுவர் அவர்கள் ஏற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.